கோணம் மாறினால் நிறம் மாறும்: கணித மென்பொருளில் வண்ணக் கட்டளைகள்

வன்னியில் மீள்குடியேறிய ஊர்களில் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுமுன்பே ஒரு நிறத்தை வாசிக்கப் பழகினார்கள். பற்றை ஓரத்தில் சிவப்புப் பலகை நின்றால் அதைத் தாண்டிப் போகக்கூடாது. கண்ணிவெடி அகற்றும் பணிக்கான சர்வதேச நியமங்களில் சிவப்பு ஆபத்தான பக்கத்தையும் வெள்ளை பாதுகாப்பான பக்கத்தையும் குறிக்கிறது. அந்தப் பலகையின் சிவப்பு அழகுக்காகப் பூசியதல்ல. எல்லைக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறாய் என்பதை அது சொல்கிறது.

கணித உருக்களில் நாங்கள் நிறத்துக்கு இந்த மரியாதையைக் கொடுப்பதில்லை. முக்கோணிக்கு நீலம், வட்டத்துக்குப் பச்சை என்று பார்வைக்கு நன்றாக இருக்கும்படி பூசிவிட்டுப் போகிறோம். கணினியில் ஒரு வரிக் கட்டளை எழுதத் தெரிந்தால், "இந்தக் கோணம் செங்கோணத்தைவிடப் பெரியதா, சிறியதா" என்ற கேள்விக்கு நிறமே பதில் சொல்லும்படி செய்யலாம். அதை எப்படிச் செய்வது, எங்கே தடுக்கும், எந்த நிறங்களைத் தவிர்க்கவேண்டும் என்பதை எழுதும்படி வேறு ஊர்களில் மாலை வகுப்பு நடத்தும் சில நண்பர்கள் கேட்டார்கள். அவர்களுக்காகவும், பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க முயலும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், பொதுநோக்கு மண்டபத்தில், பின்னேரங்களில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பழைய மடிக்கணினி, இரவல் வாங்கிய ஒரு புரொஜெக்டர், சுவரில் கட்டிய வெள்ளை வேட்டி. வருபவர்களில் பெரும்பாலானோர் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். ஆனால் மூன்று பேர் வளர்ந்தவர்கள். போரின் கடைசி ஆண்டில் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய வயதில் இருந்தவர்கள். பதுங்குகுழியிலும் பிறகு முகாமிலுமாக அந்த ஆண்டு அவர்களுக்குப் போய்விட்டது. இப்போது தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக எழுத நினைக்கிறார்கள். சின்ன வேலை ஒன்றுக்குக்கூடச் சான்றிதழ் கேட்கிறார்கள், அதில் கணிதம் சித்தியா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

இந்த மூவருக்கும் கூட்டல் கழித்தலில் பயமில்லை. சந்தைக் கணக்கில் என்னைவிட வேகம். கேத்திரகணிதம் என்றவுடன்தான் முகம் மாறுகிறது. தேற்றங்களை மனப்பாடம் செய்திருக்கிறார்கள், கண்ணால் கண்டதில்லை. "அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம்" என்று ஒப்புவிப்பார்கள். ஏன் அரைவட்டத்தில் மட்டும், கொஞ்சம் உள்ளே போனால் என்ன ஆகும், வெளியே போனால் என்ன ஆகும் என்று கேட்டால் மௌனம். அந்த மௌனத்தை உடைக்கத்தான் நிறத்தை எடுத்தேன்.

நான் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் ஜியோஜிப்ரா. மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001ஆம் ஆண்டில் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் தன் பட்ட ஆய்வுக்காக இதைத் தொடங்கினார். வணிக நோக்கமில்லாத பாவனைக்கு இலவசம். ஒருமுறை இறக்கிக் கணினியில் நிறுவிவிட்டால் பிறகு இணையம் தேவையில்லை. டேட்டா போட வசதியில்லாத எங்கள் வகுப்புக்கு இது பெரிய விடயம். உரு அமைத்துக் கட்டளை எழுத "கிளாசிக்" என்ற பதிப்பு வசதியானது. கைத்தொலைபேசியின் சின்னத் திரையில் எழுத முயன்று பொறுமையை இழக்கவேண்டாம்.

ஒரு விளக்கம் முதலில். கட்டளைகளைக் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன். இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்த கட்டளை என்றால் இடைவெளி விடாமல், ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக இடவேண்டும். புள்ளிகளின் பெயர்களும் அப்படியே: ஏ, பி, சி என்று நான் எழுதுவது பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே ஆங்கில எழுத்துகள்தான்.

அடிப்படைக் கட்டளை "செட்கலர்". சி என்ற புள்ளியைச் சிவப்பாக்க உள்ளீட்டுப் பட்டையில் இப்படி எழுதலாம்:

செட்கலர்(சி, "ரெட்")

நிறத்தின் பெயர் மேற்கோள் குறிக்குள் இருக்கவேண்டும். பெயர் சொல்லாமல் எண்களாலும் நிறத்தைச் சொல்லலாம்:

செட்கலர்(சி, 0, 0.45, 0.7)

கடைசி மூன்று எண்களும் முறையே சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் அளவு. 0 என்றால் அந்த ஒளி இல்லை, 1 என்றால் முழுமையாக உண்டு. மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 1 என்றால் வெள்ளை. பள்ளியில் வர்ணம் குழைத்த அனுபவத்தை இங்கே மறந்துவிடவேண்டும். அங்கே சிவப்பும் பச்சையும் கலந்தால் சேற்று நிறம் வரும். இங்கே கலப்பது ஒளி என்பதால் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் பத்து நிமிடம் கணிதத்தை மறந்து நிறம் கலந்துகொண்டிருப்பார்கள். விடுங்கள், அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் செய்வதும் தசமப் பயிற்சிதான்.

இந்த எண்களில் ஒரு பொறி இருக்கிறது. நிறங்களைப் பற்றிய பெரும்பாலான அட்டவணைகள் 0 முதல் 255 வரையான எண்களில் இருக்கும். ஜியோஜிப்ராவிலேயே ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதினால் அதே பெயருள்ள கட்டளை 0 முதல் 255 வரைதான் கேட்கும். ஆனால் சாதாரண கட்டளைக்கு 0 முதல் 1 வரை. அட்டவணையில் 0, 114, 178 என்று ஒரு அழகான நீலம் இருக்கிறது. அதைப் பார்த்து அப்படியே எழுதினால் மென்பொருள் பிழை என்று சொல்லாது. கறுப்பைக் காட்டும். 1ஐத் தாண்டிய எண்ணை அது மடித்துக் கீழே கொண்டுவருவதே காரணம்: 1.2 என்பது 0.8 ஆகும், 2 என்பது 0 ஆகும், 3 என்பது மறுபடி 1 ஆகும். ஆகவே இரட்டை எண்கள் எல்லாம் 0, ஒற்றை எண்கள் எல்லாம் 1. 213, 94, 0 என்ற செம்மஞ்சளை எழுதினால் தனிச் சிவப்பு வந்து நிற்கும். எதிர்பாராத நிறம் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணையும் 255ஆல் வகுத்தால் சரியாகிவிடும்: 0, 0.45, 0.7 என்பது நீலம். 0.84, 0.37, 0 என்பது செம்மஞ்சள்.

இதுவரை சொன்னது சுவருக்குப் பெயின்ற் அடிப்பது மாதிரி. ஒருமுறை அடித்தால் அடித்ததுதான். இதை மவுசாலும் செய்துவிடலாம், அதற்காகக் கட்டளை பழகவேண்டிய அவசியமில்லை. கட்டளையின் பலன் தெரிவது நிறத்தை ஒரு நிபந்தனையோடு கட்டும்போதுதான். அதற்கு வேறொரு கட்டளை உண்டு, "செட்டைனமிக்கலர்". இது வீதிச் சமிக்ஞை விளக்கு மாதிரி. நிலைமை மாறினால் நிறமும் தானாக மாறும்.

வகுப்பில் நான் செய்யும் உருவையே எடுத்துக்கொள்வோம். ஏ என்ற புள்ளியை (-3, 0) இலும் பி என்ற புள்ளியை (3, 0) இலும் வையுங்கள். இரண்டையும் நேர்கோட்டுத் துண்டத்தால் இணையுங்கள். மேலே எங்காவது சி என்ற புள்ளி. சி இலிருந்து ஏ இற்கும் பி இற்கும் கோடுகள். இப்போது கோணம்:

அல்பா = ஆங்கிள்(ஏ, சி, பி)

நடுவில் நிற்கும் புள்ளியில்தான் கோணம் அளக்கப்படும். வட்டம் எதையும் வரையவேண்டாம், இது முக்கியம். பிறகு:

என் = 1

செட்டைனமிக்கலர்(சி, என்*இஃப்(அல்பா > 90°, 0.84, 0), என்*இஃப்(அல்பா > 90°, 0.37, 0.45), என்*இஃப்(அல்பா > 90°, 0, 0.7))

நீளமாகத் தெரிந்தாலும் வாசிப்பது சுலபம். "இஃப்" என்பது "ஆனால்". கோணம் 90 பாகையைவிடப் பெரிதானால் முதல் எண்ணை எடு, இல்லாவிட்டால் இரண்டாவதை எடு. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று அதே கேள்வியை மூன்று தடவை கேட்கிறோம். விளைவு: விரிகோணம் என்றால் சி செம்மஞ்சள், கூர்ங்கோணம் என்றால் நீலம். முன்னால் இருக்கும் "என்" எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன். தட்டிக் களைத்துப் போகிறவர்கள், பொருளின் பண்புகள் பெட்டியைத் திறந்து "அட்வான்ஸ்ட்" பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று இருக்கும் மூன்று கட்டங்களிலும் இதே கோவைகளை எழுதலாம். இரண்டும் ஒன்றுதான்.

இந்த ஒரு வரியில் இரண்டு இடங்களில் ஆட்கள் தடுக்கி விழுவதைக் கண்டிருக்கிறேன். முதலாவது, அந்தச் சின்னப் பாகைக் குறி. அதை விட்டுவிட்டு வெறும் 90 என்று எழுதினால் உரு எப்போதும் நீலமாகவே இருக்கும். மென்பொருள் கோணங்களை உள்ளுக்குள் ஆரையனில்தான் வைத்திருக்கிறது. செங்கோணம் அதற்கு ஏறக்குறைய 1.57. எந்தக் கோணமும் 90 ஆரையனை எட்டப்போவதில்லை, ஆகவே நிபந்தனை ஒருநாளும் உண்மையாகாது. திரையில் "90°" என்று கண்ணுக்குத் தெரிவதால் பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

இரண்டாவது இன்னும் சுவாரசியமானது. சி ஐக் கோட்டுக்குக் கீழே இழுத்தால் கோணம் 270 பாகைக்குக் கிட்டப் போய் நிற்கும், கீழ்ப்பாதி முழுவதும் செம்மஞ்சளாகிவிடும். மென்பொருள் ஏ இலிருந்து பி வரை கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி அளக்கிறது. மேலே நிற்கும்போது அது உட்கோணம், கீழே போனால் பின்வளைகோணம். கோணத்தின் பண்புகளில் "0° இற்கும் 180° இற்கும் இடையில்" என்ற தெரிவை எடுத்தால் தீர்ந்துவிடும். ஆனால் உடனே தீர்க்கவேண்டாம் என்பது என் கருத்து. பின்வளைகோணம் என்றால் என்ன என்று நான் வருடக்கணக்காகப் பலகையில் வரைந்து விளங்கப்படுத்தியதைவிட, திடீரென்று நிறம் மாறிய அந்தக் கணம் நன்றாக விளங்கப்படுத்தியது.

இப்போது சி இற்குச் சுவடு கொடுங்கள்:

செட்ரேஸ்(சி, ட்ரூ)

புள்ளியை இழுத்த இடமெல்லாம் அது அந்த நேரத்தில் இருந்த நிறத்திலேயே தடம் பதியும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மவுசைப் பிடித்துத் திரை முழுவதும் தீற்றுகிறார்கள். முதலில் அங்கங்கே செம்மஞ்சள், அங்கங்கே நீலம். கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளிகள் நிரம்ப, நடுவில் ஒரு செம்மஞ்சள் வட்டம் எழுந்து வருகிறது. யாரும் வட்டம் வரையவில்லை, கவராயத்தைத் தொடவில்லை. ஏபி அதற்கு விட்டம். எல்லைக்கு உள்ளே எல்லாம் விரிகோணம், வெளியே எல்லாம் கூர்ங்கோணம். அப்படியானால் எல்லையில்?

அந்த வளர்ந்த மூவரில் ஒரு அக்கா அன்று வேட்டித் திரைக்குக் கிட்டப் போய், செம்மஞ்சளும் நீலமும் சந்திக்கும் விளிம்பைத் தன் விரலால் சுற்றித் தடவினார். "உள்ளுக்கை கூட, வெளியிலை குறைய. அப்ப இந்தக் கரையிலை சரியா தொண்ணூறாத்தானே இருக்கவேணும் சேர்?" என்றார். தேற்றத்தை நான் சொல்லவில்லை. அவர் சொன்னார். இது நிறுவல் அல்ல என்பதையும் அன்றே சொன்னேன். ஆரைகளை வரைந்து இரண்டு இருசமபக்க முக்கோணிகளாகப் பிரித்து நிறுவும் வழியை அடுத்த வகுப்பில் செய்தோம். ஆனால் எதை நிறுவுகிறோம் என்று தெரிந்துகொண்டு நிறுவுவது வேறு, தெரியாமல் ஒப்புவிப்பது வேறு.

புள்ளி, சுவடு, நிறம் மூன்றையும் சேர்த்து இப்படித் திரையை வருடி ஒழுக்குகளைக் காணும் முறை ஜியோஜிப்ரா பாவிக்கும் ஆசிரியர்களிடையே அறியப்பட்ட ஒன்று. ஸ்பெயினைச் சேர்ந்த கணித ஆசிரியர் ரபாயெல் லொசாடா இதை நிறைய வளர்த்தெடுத்தவர். புள்ளியைத் தானாக ஓடவைத்துத் திரையை நிரப்பவும் முடியும். நான் அதைச் செய்வதில்லை. கையால் தீற்றும்போது பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் "இங்கே என்ன நிறம் வரும்" என்று தனக்குள் ஊகிக்கிறது. தானாக ஓடும் புள்ளியைப் பார்த்தால் அது படம் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். திரை அலங்கோலமானால் கவலைப்படாதீர்கள். காட்சியைச் சற்றுப் பெரிதாக்கினாலோ நகர்த்தினாலோ சுவடெல்லாம் அழிந்துவிடும்.

ஏன் செம்மஞ்சளும் நீலமும் என்று கேட்கலாம். சரிக்குப் பச்சை, பிழைக்குச் சிவப்பு என்பதுதானே வழக்கம். ஆயத்தமாகக் கிடைக்கும் கணிதக் கோப்புகள் பலவும் அப்படித்தான் இருக்கின்றன. வகுப்புக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதற்காக அப்படி ஒரு கோப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தேன். எல்லோரும் "மாறிட்டுது, மாறிட்டுது" என்று கத்த, பாயின் கடைசியில் இருந்த ஒரு பெடியன் மட்டும் பக்கத்தில் இருந்தவனிடம் மெதுவாக "எப்ப மாறினது?" என்று கேட்டான். சிவப்பும் பச்சையும் அவனுக்குக் கிட்டத்தட்ட ஒரே மண்ணிறம். சின்ன வகுப்பில் இலைக்கு மண்ணிறம் தீட்டியதற்காக ஏச்சு வாங்கியிருக்கிறான். அதன்பிறகு நிறத்தைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறான்.

இது அபூர்வமான குறையல்ல. அணுக் கொள்கையால் நாம் அறியும் ஜோன் டோல்ரன் தனக்கு இருந்த இதே நிறக்குருட்டைப் பற்றி 1794இல் விரிவாக எழுதினார். சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாமை தாயிடமிருந்து வரும் எக்ஸ் நிறமூர்த்தத்தின் வழி கடத்தப்படுவதால் ஆண்களிடம் அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர், பெண்களில் ஏறக்குறைய 200 பேருக்கு ஒருவர். தெற்காசியாவில் ஆண்களிடம் இந்த வீதம் அதைவிடக் குறைவு. ஆனாலும் நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவராவது இருக்கக்கூடும் என்று நினைத்துத்தான் உரு அமைக்கவேண்டும். அவர் தானாகச் சொல்லமாட்டார். தனக்குத் தெரிவதுதான் எல்லோருக்கும் தெரிகிறது என்று நினைப்பார், அல்லது அந்தப் பெடியன் மாதிரி ஏச்சுக்குப் பயந்து பேசாமலிருப்பார்.

நான் மேலே எழுதிய நீலமும் செம்மஞ்சளும் மசதக்க ஒக்காபே, கெய் இட்டோ என்ற இரண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் நிறக்குருடு உள்ளவர்களும் பிரித்தறியும்படி தெரிவுசெய்த எட்டு நிறங்களிலிருந்து எடுத்தவை. 0, 114, 178 என்றும் 213, 94, 0 என்றும் அவர்களின் அட்டவணையில் இருக்கும். 255ஆல் வகுக்க மறக்காதீர்கள். நிறத்தை மாற்றியதும் அந்தப் பெடியன்தான் மவுசை விடவில்லை.

நிறத்தை மட்டும் நம்பியிருப்பதும் சரியல்ல. அந்தச் சிவப்புப் பலகையை மறுபடி நினைத்துப் பாருங்கள். அதில் நிறம் மட்டுமா இருக்கிறது? மண்டையோடு இருக்கிறது, எழுத்து இருக்கிறது. நிறம் தெரியாதவனுக்கு வடிவமும், வாசிக்கத் தெரியாதவனுக்குப் படமும் என்று ஒரே செய்தியை மூன்று விதமாகச் சொல்கிறது. கணித உருவுக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். எங்கள் வகுப்பில் இன்னொருவருக்கு ஷெல் சிதறல் பட்ட ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதில் மங்கல். அவருக்கு மெல்லிய மஞ்சள் கோடு வெள்ளைப் பின்னணியில் இல்லவே இல்லை. தடித்த கோடும் கடும் நிறமும் வேண்டும். அதோடு, நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாள்கள் கறுப்பு வெள்ளைப் போட்டோ கொப்பி. அதில் செம்மஞ்சளும் நீலமும் இரண்டு சாம்பல் நிறங்கள்தான்.

ஆகவே கோட்டின் வகையையும் நிபந்தனையோடு கட்டுகிறேன். நிறத்துக்கு இருப்பதுபோலத் தானாக மாறும் கட்டளை கோட்டு வகைக்கு இல்லை. அதற்கு ஸ்கிரிப்ட் எழுதவேண்டும். அல்பாவின் பண்புகளைத் திறந்து "ஸ்கிரிப்டிங்" பகுதிக்குப் போனால் "ஒன் கிளிக்", "ஒன் அப்டேட்" என்று இருக்கும். முதலாவது அந்தப் பொருளைச் சொடுக்கும்போது ஓடும். இரண்டாவது அதன் பெறுமானம் மாறும் ஒவ்வொரு தடவையும் ஓடும். இரண்டாவதில் இப்படி எழுதுங்கள், எஃப், ஜி என்பன சி இலிருந்து போகும் இரண்டு கோடுகள்:

இஃப்(அல்பா > 90°, செட்லைன்ஸ்டைல்(எஃப், 1), செட்லைன்ஸ்டைல்(எஃப், 0))

இஃப்(அல்பா > 90°, செட்லைன்ஸ்டைல்(ஜி, 1), செட்லைன்ஸ்டைல்(ஜி, 0))

0 என்றால் முழுக்கோடு, 1 என்றால் முறிகோடு. இனி விரிகோணம் செம்மஞ்சளாக மட்டுமல்ல, முறிகோடாகவும் தெரியும். செட்லைன்திக்னஸ் என்ற கட்டளையால் கோட்டைத் தடிப்பாக்கலாம். பக்கத்தில் "விரிகோணம்", "கூர்ங்கோணம்" என்று நிபந்தனையோடு மாறும் சொல்லையும் வைக்கலாம், தமிழ் எழுத்து அதில் சிக்கலில்லாமல் வரும்.

நிறத்தால் கேத்திரகணிதம் சொல்லிக்கொடுக்கும் யோசனை கணினியோடு வந்ததல்ல. ஒலிவர் பேர்ண் என்பவர் 1847இல் இலண்டனில் யூக்ளிட்டின் முதல் ஆறு புத்தகங்களைச் சிவப்பு, மஞ்சள், நீல உருக்களோடு வெளியிட்டார். "கோணம் ஏபிசி" என்று எழுதுவதற்குப் பதிலாக அந்தக் கோணத்தின் நிறத் துண்டையே வசனத்தின் நடுவில் அச்சடித்தார். பார்க்க மிக அழகான புத்தகம். ஆனால் அதிலே நிறம் ஒரு பெயர் மட்டும்தான். அசையாத உருவில் அதற்குமேல் எதுவும் செய்யமுடியாது. புள்ளி நகரும்போது நிறம் பதில் சொல்வது நாங்கள் வாழும் காலத்துக்குக் கிடைத்த வசதி.

இனி அந்த "என்". பரீட்சை வினாத்தாளில் நிறம் கிடையாது. கறுப்புக் கோடு, கறுப்பு எழுத்து. நிறத்தில் பழகிய பிள்ளை கறுப்பு உருவைக் கண்டு திகைத்து நின்றால் நாங்கள் உதவி செய்யவில்லை, உபத்திரவம் செய்திருக்கிறோம். அதனால் ஒவ்வொரு உருவிலும் நிறத்தை அணைக்கும் ஒரு பொத்தான் வைக்கிறேன். செட்கலர் கட்டளையால் கறுப்புப் பூசிப் பயனில்லை, ஏனென்றால் நிபந்தனையோடு கட்டிய நிறம் அதற்கு மேலே நிற்கும். அதற்குத்தான் ஒவ்வொரு கோவையையும் "என்" ஆல் பெருக்கியிருக்கிறோம். பொத்தானின் "ஒன் கிளிக்" பகுதியில் ஒரே வரி:

செட்வலியூ(என், 1 - என்)

1 ஆக இருந்த என் 0 ஆகும். மூன்று ஒளிகளும் 0ஆல் பெருக்கப்பட்டுக் கறுப்பாகும். இன்னொருமுறை அழுத்தினால் நிறம் திரும்பி வரும். கோட்டு வகையின் இரண்டு வரிகளிலும் நிபந்தனையை "என்*அல்பா > 90°" என்று மாற்றி எழுதினால், நிறம் அணைந்த பிறகு புள்ளியை அசைத்தவுடன் கோடுகளும் முழுக்கோடாகும். பாடத்தின் கடைசிப் பதினைந்து நிமிடம் பொத்தானை அழுத்திவிட்டு, கறுப்பு உருவை வைத்துக்கொண்டு கேட்கிறேன்: சி இங்கே இருந்தால் என்ன நிறமாக இருந்திருக்கும்? சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்திச் சரிபார்க்கலாம். தொடக்கத்தில் பாதிப்பேர் பிழையாகச் சொன்னார்கள். இப்போது அவசரப்பட்டுக் கத்துகிறவர்கள் மட்டும்தான் பிழைவிடுகிறார்கள்.

கணினி இல்லாத வீட்டிலும் இதே வேலையைச் செய்யலாம். ஒரு பழைய கார்ட்போட் மட்டையில் 6 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்துங்கள். கொப்பித் தாளின் மூலையை, அதன் இரண்டு ஓரங்களும் இரண்டு ஊசிகளையும் தொட்டபடி இருக்க, மெல்ல நகர்த்துங்கள். மூலை போகும் இடமெல்லாம் பென்சிலால் புள்ளி வையுங்கள். அரைவட்டம் வரும். உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம் என்று பிள்ளை தானே தீட்டட்டும். அந்த அக்கா இதைத் தன் மகளுக்குச் செய்து காட்டியிருக்கிறார். தாயும் மகளும் ஒரே பரீட்சைக்குத்தான் படிக்கிறார்கள்.

போன கிழமை அந்தக் கடைசிப் பாய்க்காரப் பெடியன் நான் கேட்காமலே கணினியில் கட்டளையைத் திறந்து, நிறத்துக்கான மூன்று இடங்களிலும் 90° ஐ 60° ஆக மாற்றினான். திரையைத் தீற்றித் தீற்றிப் பார்த்துவிட்டு, "சேர், வட்டம் வரேல்லை. இரண்டு வில்லு வந்து ஏயிலையும் பியிலையும் முட்டுது" என்றான். 120° போட்டால் என்ன வரும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மெலிஞ்ச வில்லு இரண்டு, வேப்பமிலை மாதிரி என்றான். ஒரே துண்டத்திலுள்ள கோணங்கள் சமன் என்ற தேற்றத்தை வரும் புதன்கிழமை அங்கேயிருந்துதான் தொடங்கப்போகிறோம்.